சொல்லுக்கு வயது பதினாறு

சென்ற வருடம் கோடையில் டொராண்டோ அலுவலகத்திலிருந்து எங்கள் குழுவில் ஓர் இன்டர்ன் சேர்ந்தாள். சேர்ந்தாள் என்றால் திரையில்தான். நான் சென்னையில், அவள் ஸ்கார்பரோவில். பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள், அவள் பிறந்து வளர்ந்தது கனடாவில். பத்தொன்பது வயது. முதல் வாரம் நான் எதையோ வளவளவென்று விளக்கிக்கொண்டிருந்தபோது நடுவில் நிறுத்தி, "ஓம் அண்ணா, எனக்கு விளங்கீட்டுது" என்றாள். அப்பாவும் அம்மாவும் ஊரைவிட்டுக் கிளம்பும்போது பெட்டியில் வைத்து எடுத்துப்போன தமிழ் அது. மடிப்புக் கலையாமல் இருந்தது.

அவளுடைய ஆங்கிலம் அப்படியல்ல. அது போன மாதம் பிறந்த ஆங்கிலம். டெமோ நாளன்று, சர்வர் பதில் தராவிட்டால் தன் நிரல் என்ன செய்யும் என்பதை இப்படி விளக்கினாள்: "ஸோ தி சர்வர் இஸ் லைக், நோப். அண்ட் அவர் கோட் இஸ் லைக், ஓகே, ஐல் வெயிட். அண்ட் தென் இட், லைக், ட்ரைஸ் அகெய்ன்." கச்சிதமான விளக்கம். கூட்டத்தில் எல்லோருக்கும் புரிந்தது. என் காதில் மட்டும் அந்த 'லைக்' சோற்றுக்குள் கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று மாலை மதிப்பீட்டுப் படிவத்தைத் திறந்து, 'கம்யூனிகேஷன்' என்ற தலைப்புக்குக் கீழே ஐந்துக்கு மூன்று போட்டேன். "'லைக்' என்ற சொல்லைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அலுவலகப் பேச்சு பழக வேண்டும்" என்று எழுதிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு டீ குடிக்கப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து அதே டெமோவின் பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அதில் நானும் பேசியிருந்தேன். பதினோரு நிமிடம். 'பேசிக்கலி' 23 முறை. 'ஆக்சுவலி'யை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். இத்தனை வருட வேலையில் இதற்காக யாரும் எனக்கு அரை மதிப்பெண்கூடக் குறைத்ததில்லை. அவளுடைய சொல் குற்றம், என்னுடையது வெறும் பழக்கம் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இந்தக் கேள்வியோடுதான் ஆங்கிலத்தில் பிள்ளைகள் சொல் செய்யும் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஸ்விஃப்ட் தோற்ற போர்

முதலில் தெரிந்துகொண்டது, இந்தப் புகாருக்கு வயது அதிகம் என்பதை. 1710 செப்டம்பரில், லண்டனில் வந்துகொண்டிருந்த 'டாட்லர்' இதழில் ஜொனாதன் ஸ்விஃப்ட் ஒரு கட்டுரை எழுதினார். பிற்பாடு கலிவரின் பயணங்களை எழுதிய அதே ஸ்விஃப்ட். அப்போது அவருக்கு 42 வயது. ஆங்கிலம் குட்டிச்சுவராகிவிட்டது என்பது அவர் கட்சி. நாகரிகம் என்று நினைத்துக்கொண்டு சொற்களை முதல் அசையோடு வெட்டிவிடுகிறார்கள். ரெபுடேஷன் 'ரெப்' ஆகிவிட்டது. பாசிட்டிவ்லி 'பாஸ்' ஆகிவிட்டது. அலைபாயும் கும்பல் என்று பொருள்படும் 'மொபிலே வல்கஸ்' என்ற லத்தீன் தொடர் 'மாப்' என்று சுருங்கிவிட்டது. தேவாலயத்தில் பிரசங்கம் செய்யும் இளம் பாதிரிகள்கூட இந்தப் புதுச்சொற்களைத் தூவிப் பேசுகிறார்கள் என்று நொந்துகொண்டார். 'மாப்', 'பேன்டர்' இரண்டையும் தடுக்கத் தான் பல வருடமாகப் பாடுபட்டதாகவும், எதிர்த்தரப்பின் ஆள்பலத்தில் தோற்றுப்போனதாகவும் அவரே ஒப்புக்கொண்டார்.

இன்றைக்கு 'மாப்' போலீஸ் அறிக்கையிலும் நீதிமன்றத் தீர்ப்பிலும் வருகிற சொல். 'பேன்டர்' கண்ணியமான சொல். 'ரெப்' இன்னும் தெருவில் உயிரோடு இருக்கிறது. 'பாஸ்' செத்துவிட்டது. நான்கும் அவர் அதே கட்டுரையில் சாடியவை. எது நிலைக்கும், எது போகும் என்று ஆங்கில உரைநடையின் மகாமேதைக்கே சொல்லத் தெரியவில்லை.

அதே கட்டுரையில் அவர் இன்னொரு பட்டியலும் போட்டிருக்கிறார். அப்போது ஐரோப்பாவில் ஸ்பானிய வாரிசுரிமைப் போர் நடந்துகொண்டிருந்தது. போர்ச் செய்திகளோடு நாக்கில் புரளாத நீளச் சொற்கள் சில உள்ளே வந்துவிட்டன, இவையெல்லாம் இன்னும் சில படையெடுப்புகளைத் தாண்டாது என்று ஆரூடம் சொன்னார். ஆபரேஷன், அம்பாசடர், பட்டாலியன் என்று போகும் அந்தப் பட்டியலில் ஒரு சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'கம்யூனிகேஷன்'. என் படிவத்தின் தலைப்பு.

ஒரு விளையாட்டின் இரண்டெழுத்து

பிள்ளைகள் எல்லாவற்றையும் எழுத்துகளாகச் சுருக்குகிறார்கள் என்பது நம் காலத்துப் புலம்பல். 1830களின் பாஸ்டனில் இதே பைத்தியம் இருந்தது. நகரத்தின் நாகரிக இளைஞர்கள் தொடர்களை எழுத்துகளாகச் சுருக்கினார்கள். சும்மா சுருக்கினால் சுவாரஸ்யம் இல்லையே. முதலில் வேண்டுமென்றே தப்பாக எழுத்துக்கூட்டி, பிறகு சுருக்கினார்கள். 'ஆல் ரைட்' என்பதை 'ஓல் ரைட்' என்று கோணலாக எழுதி, அதிலிருந்து ஓ.டபிள்யூ. 'நோ யூஸ்' என்பதை 'க்நோ யூஸ்' என்று எழுதி, அதிலிருந்து கே.ஒய். 'ஆல் கரெக்ட்' என்பதை 'ஓல் கொரெக்ட்' என்று எழுதி, அதிலிருந்து ஓ.கே.

ஆமாம், அதுதான். உலகத்தில் இன்று அதிகம் பேர் சொல்லும் சொற்களில் ஒன்று. அச்சில் அது முதலில் தென்பட்டது 1839 மார்ச் 23 அன்று, 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' பத்திரிகையில், வேறொரு ஊர்ப் பத்திரிகையைக் கிண்டல் செய்த ஒரு துணுக்கில். அதோடு பிறந்த ஓ.டபிள்யூ.வும் கே.ஒய்.யும் சீக்கிரமே மண்ணாகிப்போயின. ஓ.கே.வுக்கு மட்டும் அதிர்ஷ்டம் அடித்தது. அடுத்த வருடம் ஜனாதிபதி தேர்தல். போட்டியிட்ட மார்ட்டின் வான் பியூரன் நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹுக் என்ற ஊர்க்காரர். 'ஓல்ட் கிண்டர்ஹுக்' என்று அவருக்குப் பெயர் வைத்து, ஓ.கே. கழகங்கள் என்று ஆதரவாளர்கள் கிளம்பினார்கள். வான் பியூரன் தோற்றார். சொல் ஜெயித்தது.

இந்தப் பிறப்புச் சான்றிதழைத் தோண்டி எடுத்தவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற கொலம்பியா பல்கலைப் பேராசிரியர். 1963, 64 ஆண்டுகளில் 'அமெரிக்கன் ஸ்பீச்' இதழில் கட்டுரை கட்டுரையாக எழுதி நிரூபித்தார். அதற்குள் நூறு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. செவ்விந்திய மொழிச் சொல், எழுத்தறிவு போதாத ஜனாதிபதி ஒருவர் கோப்பில் கிறுக்கியது என்று ஏகப்பட்ட கதைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவ்வளவு பெரிய சொல்லுக்கு அவ்வளவு சின்னப் பிறப்பு இருக்கும் என்று யாருக்கும் நம்ப மனம் வரவில்லை. பிள்ளை விளையாட்டிலிருந்து மொழி வரும் என்பதை ஏற்றுக்கொள்ளப் பெரியவர்களுக்கு எப்போதும் கொஞ்சம் கஷ்டம்தான்.

பள்ளிக்கூடம் என்ற பட்டறை

ஒரே வயதுப் பிள்ளைகளைக் கூட்டமாக அடைத்து வைத்தால் அங்கே ஒரு பாஷை முளைக்கும். இங்கிலாந்தின் பழைய விடுதிப் பள்ளிகளில் இதைக் கண்ணாரப் பார்க்கலாம். வின்செஸ்டர் பள்ளியில் மாணவர்களுக்கென்றே தனிச் சொல்தொகுதி இருந்தது. அதற்கு 'நோஷன்ஸ்' என்று பெயர். புதிதாகச் சேர்ந்த பையன் அதை மனப்பாடம் செய்து மூத்த மாணவர்களிடம் ஒப்பிக்க வேண்டும். ரக்பி பள்ளியிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒரு பழக்கம் போனது: எந்தச் சொல்லையும் வெட்டி, வாலில் ஓர் 'அர்' ஒட்டுவது. ரக்பி 'ரக்கர்' ஆனது. 1863இல் விதி வகுக்கப்பட்ட 'அசோசியேஷன் ஃபுட்பால்' என்ற நீள்பெயரின் நடுவிலிருந்து ஒரு துண்டை உருவி, 'சாக்கர்' என்றார்கள். இன்றைக்கு அமெரிக்கர்கள் 'சாக்கர்' என்றால் பிரிட்டிஷ்காரர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் செய்த சொல்தான் அது.

ஆனால் இவையெல்லாம் சீமான் வீட்டுப் பிள்ளைகளின் சங்கதி. எல்லா வீட்டுப் பதின்மரையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தது அமெரிக்காவின் ஹைஸ்கூல். 1910இல் அமெரிக்க இளைஞர்களில் ஹைஸ்கூல் முடித்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர். 1940இல் கிட்டத்தட்ட பாதிப் பேர். அதற்கு முன்பு பதினைந்து வயதுப் பையன் வயலில் அப்பாவோடு நிற்பான், அல்லது ஆலையில் பெரியவர்களோடு நிற்பான். அவன் பேச்சுக்கு அளவுகோல் அவர்கள்தான். இப்போது அவனைச் சுற்றி நாள் முழுக்க இன்னும் ஐந்நூறு பதினைந்து வயதுக்காரர்கள். 'டீனேஜர்' என்ற சொல்லே இதற்குப் பிறகுதான் பரவலானது. 1944இல் அவர்களுக்கென்றே 'செவன்டீன்' என்ற பத்திரிகை வந்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி என்ற ஆங்கிலேயத் தம்பதி ஏறக்குறைய 70 பள்ளிகளில் 5,000 குழந்தைகளிடம் தகவல் திரட்டி, 1959இல் பள்ளிக் குழந்தைகளின் வழக்காறுகள் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். ஓடிப்பிடித்து விளையாடும்போது மூச்சு வாங்கினால் நம் பிள்ளைகள் 'தூவா' விடுவார்கள் அல்லவா, அதற்கு பிரிட்டனில் ஊருக்கு ஊர் ஒரு சொல் இருந்ததை அவர்கள் வரைபடமாகவே போட்டார்கள். லண்டன் பக்கம் 'ஃபெய்னைட்ஸ்', ஸ்காட்லாந்தில் 'பார்லி', டர்ஹம் பக்கம் 'ஸ்கின்ச்'. 'பார்லி'யின் சாயலில் ஒரு சொல் 14ஆம் நூற்றாண்டுக் காவியம் ஒன்றில் வருகிறது. எட்டு வயதுக் குழந்தை பத்து வயதுக் குழந்தையிடம் கற்று ஆறு வயதுக் குழந்தைக்குக் கொடுக்க, எந்தப் பெரியவரும் தலையிடாமல் சொற்கள் நூற்றாண்டுகள் கடந்து வந்திருக்கின்றன. குழந்தைகள் சொல்லைப் பொத்திப் பாதுகாப்பவர்கள். பதின்மர்கள் சொல்லை மாற்றுபவர்கள். இரண்டுக்கும் நடுவில் ஏதோ நடக்கிறது. என்ன அது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கடனாளிகள்

அமெரிக்கப் பதின்மர் சொற்களின் வேரைத் தோண்டினால் பெரும்பாலும் ஒரே மண்ணில்தான் கை படும். அது கறுப்பினத்தவரின் ஆங்கிலம். 'கூல்' என்ற சொல்லை இன்றைய பொருளில் பரப்பியவர் லெஸ்டர் யங் என்ற சாக்ஸபோன் கலைஞர் என்று பரவலாகச் சொல்வார்கள். 1938இல் கேப் காலோவே என்ற ஜாஸ் பாடகர், ஹார்லெமின் இசைக்காரர்கள் பேசிய சொற்களைத் தொகுத்து ஒரு சின்ன அகராதி போட்டார். ஒரு கறுப்பினத்தவர் தொகுத்த முதல் அகராதி என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். ரேடியோ வழியாக, இசைத்தட்டு வழியாக, அந்தச் சொற்கள் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளின் வாய்க்குப் போயின.

போன பிறகு என்ன நடக்கும்? 1962 மே மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' ஞாயிறு இதழில் வில்லியம் மெல்வின் கெல்லி என்ற 24 வயது கறுப்பின எழுத்தாளர் இதைப் பற்றித்தான் எழுதினார். ஒரு சொல் வெள்ளையர் வட்டாரத்துக்குள் போனதும் ஹார்லெம் அதைக் கைவிட்டுவிடும், அல்லது பொருளை மாற்றிவிடும். நேற்றைய சொல்லை இன்று சொல்பவன் வெளியாள் என்று அடையாளம் தெரிந்துவிடும். ஆக, சொல் என்பது இங்கே பொருள் சொல்லும் கருவி மட்டுமல்ல, வாசல் கதவின் தாழ்ப்பாள். அந்தக் கட்டுரையின் தலைப்பில் இருந்த சொல், 'வோக்'. ஐம்பது வருடம் கழித்து அந்தச் சொல்லுக்கு என்ன கதி நேர்ந்தது என்று நமக்குத் தெரியும். முதலில் பொதுச்சொல்லாகி, பிறகு வசைச்சொல்லாகிவிட்டது. கெல்லி எழுதியதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

தாழ்ப்பாளைத் திறந்து எடுத்துப்போகிறவர்கள் அதற்கு விலை கொடுப்பதில்லை. 2014 ஜூனில், வைன் என்ற செயலியில் ஆறு விநாடிக் காணொளி ஒன்று வந்தது. பீச்சஸ் மன்ரோ என்ற பெயரில் இயங்கிய சிகாகோ வட்டாரத்துக் கறுப்பினப் பெண், வயது பதினாறு, காரில் உட்கார்ந்து தன் புருவத்தைக் காட்டி, 'ஆன் ஃப்ளீக்' என்றாள். எடுப்பாக, கச்சிதமாக இருக்கிறது என்று பொருள். சில மாதங்களுக்குள் பான்கேக் உணவகச் சங்கிலி முதல் உடைக்கடைகள் வரை எல்லோருடைய விளம்பரத்திலும் அந்தச் சொல் இருந்தது. அவளுக்கு ஒரு காசு வரவில்லை. 2017இல், சொந்தமாக ஓர் அழகுப்பொருள் தொழில் தொடங்க அவள் இணையத்தில் நிதி கேட்க வேண்டியிருந்தது. அதற்குள் சொல்லும் பழசாகிவிட்டது, வைன் செயலியும் மூடப்பட்டுவிட்டது.

கடன் என்று சொன்னேனே, ஸ்கார்பரோவுக்கும் அதில் பங்கு உண்டு. டொராண்டோப் பதின்மரின் பேச்சில் ஜமைக்கா சொற்களும் சோமாலியர்களோடு வந்த அரபுச் சொற்களும் கலந்திருக்கின்றன. 'மேன்டெம்' என்றால் கூட்டாளிகள். 'வல்லாஹி' என்றால் சத்தியமாக. தமிழ்ப் பிள்ளைகளும் வீட்டு வாசல் வரை 'ஓம்' போட்டுவிட்டு, தெருவில் இறங்கியதும் அதைத்தான் பேசுகிறார்கள். லண்டனிலும் இதே கதைதான். ஜெனி செஷயர், பால் கெர்ஸ்வில் போன்ற மொழியியலாளர்கள் கிழக்கு லண்டன் பிள்ளைகளின் பேச்சைப் பதிவுசெய்து, பல நாட்டுக் குடியேறிகளின் பிள்ளைகள் சேர்ந்து ஒரு புது ஆங்கிலத்தையே உருவாக்கியிருக்கிறார்கள் என்று காட்டினார்கள். 2013இல் தெற்கு லண்டன் பள்ளி ஒன்று, வளாகத்துக்குள் சொல்லக் கூடாத சொற்கள் என்று ஒரு பட்டியலை ஒட்டியது. 'இன்னிட்', 'பேர்', 'எய்ன்ட்' என்று நீண்ட அந்தப் பட்டியலில் 'லைக்'கும் இருந்தது. என் படிவத்துக்கு ஒரு துணை கிடைத்தது. துணையைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை.

பெண்பிள்ளைகள் பேச்சு

1982இல் ஃபிராங்க் ஸாப்பா என்ற ராக் இசைக்கலைஞர், தன் 14 வயது மகள் மூன் ஸாப்பாவோடு சேர்ந்து 'வேலி கேர்ள்' என்ற பாட்டை வெளியிட்டார். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே, சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கின் ஷாப்பிங் மால்களில் திரியும் பெண்பிள்ளைகள் 'லைக்', 'டோட்டலி' என்று பேசுவதை மகள் நடித்துக் காட்டினாள். எப்போதும் வேலையில் மூழ்கியிருந்த அப்பாவோடு கொஞ்ச நேரம் கிடைக்குமா என்று ஒரு சீட்டெழுதி ஸ்டுடியோ கதவுக்கு அடியில் தள்ளியதில்தான் அந்தப் பாட்டு பிறந்தது என்பது அவளே சொன்ன கதை. கேலிப் பாட்டு. ஆனால் நாடு முழுக்கப் பிள்ளைகள் அதைக் கேட்டு அப்படியே பேச ஆரம்பித்தார்கள். ஸாப்பாவின் பாடல்களில் அமெரிக்கத் தரவரிசையின் முதல் நாற்பதுக்குள் நுழைந்தது அது ஒன்றுதான். கிண்டலே விளம்பரமாகிவிட்டது.

அன்றிலிருந்து 'லைக்' என்றால் மூளையில்லாத பணக்காரப் பெண்பிள்ளைகளின் சொல் என்று முத்திரை விழுந்தது. அலெக்சாண்ட்ரா டார்சி என்ற மொழியியலாளர் இந்த முத்திரையைப் பிரித்துப் பார்த்தார். நியூசிலாந்தில் 1940களில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட முதியவர்கள், அதாவது 19ஆம் நூற்றாண்டில் பிறந்தவர்கள், பேச்சுக்கு நடுவே 'லைக்' போட்டிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் மால் கட்டுவதற்கு முன்பே, அந்தப் பக்கமே வராத கிழவர்கள்.

அதோடு 'லைக்' ஒரு சொல் அல்ல, பல சொற்கள் என்று காட்டினார். பேச்சைத் தொடுக்க ஒன்று, தோராயம் சொல்ல ஒன்று, மற்றவர் பேச்சை எடுத்துரைக்க ஒன்று. இந்தக் கடைசிதான் உண்மையில் புதிது. ரொனால்ட் பட்டர்ஸ் என்பவர் 1982இல்தான் இதை ஓர் ஆய்விதழில் குறிப்பாகப் பதிவுசெய்தார். 'ஷி செட்' என்றால் அவள் சொன்ன வார்த்தை. 'ஷி வாஸ் லைக்' என்றால் அவள் சொன்னதாக இருக்கலாம், நினைத்ததாக இருக்கலாம், முகத்தைச் சுளித்ததாகக்கூட இருக்கலாம். தமிழில் "அவன் என்னைப் பார்த்து, நீ யாருடாங்கற மாதிரி நின்னான்" என்கிறோமே, அதே 'மாதிரி'. அவன் வாயையே திறக்கவில்லை, ஆனாலும் வசனம் வந்துவிட்டது. வாயில்லாத சர்வரைப் பேசவைக்க அந்த டொராண்டோப் பெண் எடுத்த கருவி இதுதான்.  நான் அதற்குத்தான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

பெண்பிள்ளைகள் மொழியை மாற்றுவது இன்று நேற்றல்ல. ஹெல்சிங்கியின் டெர்ட்டு நெவலைனன், ஹெலனா ரௌமோலின்-ப்ரூன்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள், 15ஆம் நூற்றாண்டு முதல் 1681 வரை எழுதப்பட்ட ஏறக்குறைய 6,000 ஆங்கிலக் கடிதங்களை அலசினார்கள். 14 மொழி மாற்றங்களை எடுத்துப் பார்த்ததில் 11இல் பெண்கள்தான் முன்னால் போயிருக்கிறார்கள். 'ஹாத்' போய் 'ஹாஸ்' வந்ததும், 'யீ' போய் 'யூ' வந்ததும் பெண்களின் கடிதங்களில் முந்தி நடந்தது. இன்று ஆங்கிலேய நீதிபதி 'யூ' என்று சொல்லும்போது, பல தலைமுறைக்கு முந்தைய பெண்களின் வழக்கைத்தான் பேசுகிறார்.

குழந்தைக்கும் பதின்மருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்டேன் அல்லவா. வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க மொழியியலாளர் தந்த விளக்கம் இது. குழந்தை முதலில் அம்மாவின் மொழியைக் கற்கிறது. பள்ளிக்கு வந்ததும் தன்னைவிடச் சற்று மூத்த பிள்ளைகள் எந்தத் திசையில் போகிறார்கள் என்று மோப்பம் பிடித்து, அதே திசையில் இன்னும் ஓரடி வைக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஓரடி. பதினேழு வயது வாக்கில் கால் நின்றுவிடுகிறது. மொழி பெரும்பாலும் கெட்டிப்பட்டுவிடுகிறது. ஆகவே எந்தக் காலத்தில் அளந்தாலும் மாற்றத்தின் உச்சி பதின்மரிடம்தான் இருக்கும். சாலி டாக்லியமோன்டேவும் டார்சியும் டொராண்டோவில் அளந்தபோது, 'லைக்' உட்படப் பல மாற்றங்களில் இதே உச்சியைப் பார்த்தார்கள். நாங்கள் மென்பொருளில் வெர்ஷன் என்று சொல்வோம். ஒவ்வொரு வகுப்பும் போன வகுப்பின் நிரலை எடுத்து ஒரு வரி மாற்றி வெளியிடுகிறது. நானெல்லாம் அப்டேட் நின்றுபோன மாடல்.

பெரியவர்கள் உள்ளே வந்தால்

அப்டேட் நின்றவர்கள் அந்த மொழிக்குள் நுழைய முயன்ற கதைகள் தனி ருசி. ஆந்தனி பர்ஜெஸ் புத்திசாலி. 1962இல் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலை எழுதும்போது, நிஜப் பதின்மர் சொற்களைப் போட்டால் புத்தகம் அச்சாவதற்குள் அவை பழசாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனவே ரஷ்யச் சொற்களை வளைத்து 'நாட்சாட்' என்று ஒரு பாஷையையே செய்துவிட்டார். ரஷ்யனில் பதினொன்று முதல் பத்தொன்பது வரை எண்களின் வாலில் வரும் ஒலிதான் அந்தப் பெயர்.

'நியூயார்க் டைம்ஸ்' அவ்வளவு உஷாராக இல்லை. 1992 நவம்பரில், சியாட்டிலின் கிரஞ்ச் இசை உச்சத்தில் இருந்தபோது, அந்த இளைஞர்கள் பேசும் பாஷைக்கு ஓர் அகராதி போட நினைத்து, செய்தியாளர் ஓர் இசை நிறுவனத்துக்குத் தொலைபேசினார். அழைப்பு, முன்பு அங்கே வேலைபார்த்த மேகன் ஜாஸ்பர் என்ற இளம்பெண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டது. அப்படி ஒரு பாஷையே கிடையாது. அவர் அந்த நிமிடத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார். தோற்றாங்கொள்ளிக்கு 'காப் நாப்ளர்', கிழிந்த ஜீன்ஸுக்கு 'வாக் ஸ்லாக்ஸ்', சும்மா சுற்றுவதற்கு 'ஸ்விங்கிங் ஆன் தி ஃப்ளிப்பிட்டி ஃப்ளாப்'. நாளிதழ் அத்தனையும் அப்படியே அச்சடித்தது. 'தி பேஃப்ளர்' என்ற சிற்றிதழ்தான் பிறகு குட்டை உடைத்தது.

2025இல் 'டிக்‌ஷனரி டாட் காம்' அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்தது ஓர் எண்ணை: 67. 'சிக்ஸ் செவன்' என்று கையை ஆட்டிச் சொல்வார்கள். ஒரு ராப் பாட்டில் வந்தது. அர்த்தம் என்ன என்று பெரியவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அர்த்தம் கேட்பவன் வெளியாள் என்பதுதான் அதன் அர்த்தம். ஓ.கே. பிறந்த பாஸ்டனிலும் இதே சிரிப்பு கேட்டிருக்கும்.

மொழி அழிந்துவிடும் என்ற பயத்துக்கும் கணக்கு உண்டு. டாக்லியமோன்டேவும் டெரெக் டெனிஸும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், டொராண்டோப் பதின்மர்கள் எழுபதுக்கும் மேற்பட்டவர்களின் உடனடிச் செய்திகளைத் திரட்டினார்கள். பத்து லட்சம் சொற்களுக்கு மேல். அதில் 'எல்ஓஎல்' போன்ற குறுக்கங்கள் மொத்தமாகவே 3 சதவீதத்துக்கும் குறைவு. மீதி எல்லாம் ஒழுங்கான ஆங்கிலம்தான். அதிலும் பெரிய பிள்ளைகள் 'எல்ஓஎல்'லைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று ஒதுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

படிவம்

இவ்வளவும் படித்து முடித்தபோது ஆகஸ்ட் பாதி போய்விட்டது. படிவத்தைத் திருத்தலாம் என்று திறந்தேன். மதிப்பீட்டுக் காலம் முடிந்து பூட்டிவிட்டார்கள். அவளுடைய மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன்: 'கம்யூனிகேஷன்' பற்றி நான் எழுதியது தவறு, அந்த டெமோவில் மிகத் தெளிவாகப் பேசியது அவள்தான். பதில் வந்தது: "நோட்டட், தேங்க்ஸ்." அது எங்காவது ஏறியதா என்று தெரியாது. மொழியியல் நூல்களில் அழகாக இருக்கும் விஷயம் மனிதவளத் துறையின் மென்பொருளில் வெறும் மூன்று.

கடைசி வாரம் அவளுக்கு இறுதி டெமோ. அதற்கு முன் அவளை அழைத்து, "நான் அன்னைக்கு எழுதினதைப் பெருசா எடுத்துக்காதம்மா, நீ பேசினது சரிதான்" என்றேன்.

"அது பரவாயில்லை அண்ணா" என்றாள். "நான் இப்ப அதை விட்டிட்டன்."

விட்டுவிட்டாள்தான். இருபது நிமிட டெமோவில் ஒரு 'லைக்' இல்லை. அது வர வேண்டிய இடங்களில் ஒரு சின்ன இடைவெளி விட்டு, மூச்சு எடுத்து, அடுத்த வாக்கியத்துக்குப் போனாள். ஜூனில் சர்வர் 'நோப்' என்றது, நிரல் 'ஓகே, ஐல் வெயிட்' என்று பொறுமையாகக் காத்திருந்தது. இப்போது இரண்டும் பேசவில்லை. "தி சர்வர் ரிட்டர்ன்ஸ் அன் எரர். தி கிளையன்ட் ரீட்ரைஸ்." எந்தக் கையேட்டிலும் இருக்கும் வாக்கியம்.

எல்லோரும் கைதட்டினார்கள். நன்றி சொல்லும் முறை எனக்கு. மைக்கைத் திறந்து "ஸோ, பேசிக்கலி..." என்று ஆரம்பித்துவிட்டு, நிறுத்தத் தெரியாமல் தொடர்ந்தேன்.